மனுவின் இரண்டாம் பக்கம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்வதி ஜெராக்ஸ் கடைக்குள் ஓடி வந்தபோது அவள் கால்களில் இரண்டு வேறு செருப்புகள் இருந்தன. இடது கால் செருப்பு அவளுடையது. வலது காலில் இருந்தது இரண்டு அளவு சின்னது, மகளுடையதாக இருக்க வேண்டும். இதை முதலில் கவனித்தவன் ஆட்டோக்காரன் ஹரிகிருஷ்ணன். கவனித்ததைச் சொல்லாமல் இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

"அக்கா, பாத்தீங்களா? வீட்ல ஏதோ பெருசா நடந்திருக்கு. அவசரத்துல கெளம்பி வந்திருக்காங்க."

"ஒக்காரு பார்வதி," என்றாள் பாக்கியலட்சுமி. "ஹரி, நீ கண்டுபிடிச்சது போதும். போய் டீ வாங்கிட்டு வா. போன வாரம் பெஞ்சமேன் முசியேவோட பென்ஷன் படிவத்தப் படிச்சுச் சொல்லுன்னா, போன் நம்பர மொத்தமாத் தப்பாச் சொன்ன ஆளு நீ."

பாக்கியலட்சுமிக்கு ஐம்பது வயது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரின் சாரம் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். சுற்றுவட்டாரத்தின் பிறப்பு, இறப்பு, பட்டா, பாஸ்போர்ட் எல்லாம் அவள் கண்ணாடிப் பலகையில் ஒருமுறை குப்புறப் படுத்து எழுந்தவைதான். காகிதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைப் பாதிக்கு மேல் பரப்பியது, கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு எந்நேரமும் உள்ளே எட்டிப் பார்க்கும் ஹரிதான்.

டீ வந்ததும் பார்வதி விஷயத்தைச் சொன்னாள். அவள் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்பவள். தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர். அவர்கள் தெரு முனையில் நகராட்சிக்குச் சொந்தமான ஒரு மண் திடல் இருக்கிறது. சாயங்காலமானால் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும், ஊரார் மரியாதையாக 'முசியே' என்று கூப்பிடும் பெரியவர்கள் அங்கே இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடுவார்கள். அதனால் அதற்குக் குண்டுத் திடல் என்று பெயர். ஆடாதவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து ஆடுபவர்களைத் திட்டுவார்கள். தெருவே அங்கேதான் மூச்சு விடும். அந்தத் திடலில் கார் நிறுத்துமிடம் கட்டலாமா என்று முடிவெடுக்க நகராட்சி திங்கட்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறது.

"தெருவுல அறுபத்து நாலு வீடு," என்றாள் பார்வதி. "மூணுல ரெண்டு பங்கு வீடு கையெழுத்துப் போட்டு எதிர்த்தா திட்டத்தத் திருப்பி அனுப்பிடுவோம்னு அறிவிப்புல போட்டிருக்காங்க. நாப்பத்து மூணு வேணும். நான் ஆகஸ்டு மாசமே வீடு வீடாப் போயி நாப்பத்தஞ்சு வாங்கினேன். பக்கத்துக்குப் பதினஞ்சு, மொத்தம் மூணு பக்கம். இன்னிக்குக் காலைல ஜெராக்ஸ் எடுக்கலாம்னு ஃபைலத் தொறந்தா, நடுப்பக்கம் இல்ல. அதுக்குப் பதிலா இதுதான் இருந்துச்சு."

அவள் நீட்டிய துண்டுக் காகிதத்தை ஹரி எட்டிப் பிடித்தான். மேலிருந்து கீழாக வெறும் எண்கள். 4, 77, 72, 76, 79, 27. அடுத்தது 2, அதன் பக்கத்தில் எதையோ எழுதி அடித்த மாதிரி ஒரு கிறுக்கல். இப்படியே போய் 67 என்று முடிந்தது. மொத்தம் பதினான்கு வரி. அடியில் ஒரே ஒரு சொல்: 'மன்னிக்கவும்'.

வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தது போலாயிற்று ஹரிக்கு. "சங்கேதக் குறிப்பு அக்கா! எழுபத்தேழுன்னா பஸ் நம்பரா இருக்கும். இல்லன்னா பெரிய மார்க்கெட்ல கடை நம்பர். மன்னிக்கவும்னு எழுதிக் கிண்டல் வேற பண்றான்."

"கதவு நம்பரோன்னு முதல்ல நெனச்சேன்," என்றாள் பார்வதி. "ஆனா எங்க தெருவுல அறுபத்து நாலுக்கு மேல வீடே கெடையாதே."

பாக்கியலட்சுமி துண்டுச் சீட்டைப் பார்க்கவில்லை. மனுவின் மற்ற இரண்டு பக்கங்களையும் கட்டியிருந்த சிவப்பு டேக் கயிற்றைத்தான் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "இந்த முடிச்சு நீ போட்டதா பார்வதி?"

"இல்லக்கா. நான் எப்பவும் சுருக்குதான் போடுவேன். இது இறுக்கி ரெட்ட முடிச்சாப் போட்டிருக்கு."

"கிழிச்சு எடுக்கல. நிதானமா அவுத்து, ஒரு பக்கத்த எடுத்துட்டு, மறுபடி பத்திரமாக் கட்டி வச்சிருக்காங்க." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "நேத்து வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?"

வெள்ளிக்கிழமை மாலை பார்வதி வீட்டில் தெருக் கூட்டம் நடந்திருக்கிறது. மனுவை எல்லோரும் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்த பிறகு ஃபைலை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்கள். நகராட்சி ஆட்கள் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பதைப் பார்க்க எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். கீழே தங்கியவர்கள் மூன்று பேர். கல்யாண மண்டபம் வைத்திருக்கும் வினோத்குமார், போன் வந்ததால் கூடத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். கார் நிறுத்துமிடம் வந்தால் அவர் மண்டபத்துக்குத்தான் முதல் லாபம்; கூட்டத்துக்கு வந்ததே வாதாடத்தான். இரண்டாவது ஆள் பிரேம்குமார், முப்பத்தெட்டாம் எண் வீடு. நகராட்சியில் ஒப்பந்த வேலை. ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போன வாரம் வந்து பெயரை அடித்துவிடும்படி பார்வதியிடம் கெஞ்சியவர். தண்ணீர் குடிக்க என்று நடுவில் இறங்கி வந்தார். மூன்றாவது முசியே ஜூல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏற முடியாது. மனைவி மதலேன் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூட்டம் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார் என்றாள் பார்வதி.

"முசியேவ விடுங்க, பாவம்," என்றான் ஹரி. "ரெண்டு பேரு. மதியத்துக்குள்ள முடிச்சுடறேன்."

சொன்னபடி கிளம்பியும் போய்விட்டான். மண்டபத்தில் வினோத்குமாரிடம் நேராகவே கேட்டான். அவர் கோபப்படவில்லை. அதுதான் ஹரிக்குச் சங்கடமாகிவிட்டது.

"தம்பி, அந்த எடத்துல பார்க்கிங் வரணும்னுதான் நான் சொல்றேன். நேத்து கூட்டத்துலயே எல்லாரு முகத்துக்கு நேரா சொன்னேன். திங்கக்கிழமையும் சொல்லுவேன். ஆனா தெருக்காரங்க பேப்பர எடுத்து ஒளிச்சு வச்சா, அதே தெருவுல நாளைக்கு நான் எப்படி நடக்கறது?"

வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று ஹரி, மேசையில் கிடந்த பழைய ரசீது ஒன்றை அவர் கையெழுத்து மாதிரிக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டான். பிரேம்குமார் வீட்டில் இன்னும் மோசம். அவர் மனைவி துர்கா, காபி கொடுத்துவிட்டு அழுதுவிட்டாள். "வேல போயிடும்னு பயந்துதான் அடிக்கச் சொன்னாரு. ஆனா இது வரைக்கும் அடுத்தவங்க பொருளத் தொட்டதில்ல அண்ணா."

மூன்று மணிக்கு ஹரி கடைக்குத் திரும்பியபோது பார்வதி ஒரே மாதிரியான இரண்டு செருப்புகளோடு உட்கார்ந்திருந்தாள். பாக்கியலட்சுமி துண்டுச் சீட்டைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, அதன் அருகில் ஒரு பென்ஷன் படிவத்தை வைத்திருந்தாள்.

"ரசீது கொண்டாந்தியா? நல்லது. வினோத்குமார் 'ஒண்ணு' எப்படிப் போட்டிருக்காரு பாரு."

"ஒரு கோடு. எல்லாரும் போடற மாதிரிதான்."

"எல்லாரும் இல்ல. இது பெஞ்சமேன் முசியேவோட படிவம். போன வாரம் நீ தப்பாப் படிச்சியே, அதான். இதுல அவரு பொறந்த வருஷத்தப் படி."

ஹரி படித்தான். "ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து…" நிறுத்தினான். அப்படியானால் பெஞ்சமேன் பிறக்கவே இன்னும் ஏறக்குறைய ஆறாயிரம் வருடம் இருந்தது.

"பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க ஒண்ணாம் நம்பருக்கு மேல நீளமா ஒரு மூக்கு வைப்பாங்க. நம்ம கண்ணுக்கு அது ஏழு. அப்ப நெசமான ஏழுக்கு என்ன பண்றது? அதுக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு இழுப்பாங்க. நம்ம கண்ணுக்கு அது அடிச்சு வச்ச எழுத்து. இருபத்திரண்டு வருஷமா இந்தப் படிவங்களத்தான நான் படிக்கறேன்." அவள் பேனாவை எடுத்துத் துண்டுச் சீட்டை மறுபடி எழுதினாள். "நாலு, பதினொண்ணு, பன்னெண்டு, பதினாறு, பத்தொம்பது, இருபத்தொண்ணு, இருபத்தேழு, முப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு, நாப்பத்தொண்ணு, நாப்பத்தேழு, அம்பத்தொண்ணு, அம்பத்தேழு, அறுபத்தொண்ணு. வரிசையா ஏறுது பாரு. ஒண்ணுகூட அறுபத்து நாலத் தாண்டல."

"கதவு நம்பர்தான்!" என்று கூவினாள் பார்வதி.

"காணாமப் போன பக்கத்துல இருந்த வீடுங்க. எடுத்தவங்க உனக்கு உதவி பண்ணத்தான் இத எழுதி வச்சிருக்காங்க. இந்தப் பதினாலு வீட்டுலயும் மறுபடி கையெழுத்து வாங்கிக்கோ, என்ன மன்னிச்சுடுன்னு. திட்டத்துக்கு ஆதரவான ஆளு இப்படிப் பண்ணுவானா? அவன் மூணு பக்கத்தையும் தூக்கிட்டுப் போயிருப்பான்."

"பிரேம்குமார்?" என்று கேட்டான் ஹரி, துர்காவின் காபி நினைவில் குற்றவுணர்வோடு.

"பட்டியல்ல முப்பத்தெட்டு இருக்கே. தன் கையெழுத்த ஒழிக்கப் பக்கத்த எடுத்தவரு, என்கிட்ட மறுபடி வாங்கிக்கோன்னு தன் வீட்டு நம்பரையே எழுதுவாரா?"

ஹரி தலையைச் சொறிந்தான். பிறகு திடீரென்று விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தான். அன்று அவன் செய்த உருப்படியான காரியம் அதுதான். "அக்கா, பக்கத்துக்குப் பதினஞ்சு கையெழுத்துன்னு சொன்னாங்க. இதுல பதினாலுதான இருக்கு?"

பாக்கியலட்சுமி அவனைப் பார்த்துச் சிரித்தாள். "அதத்தான் நீ கேப்பியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பதினஞ்சாவது வீட்டு நம்பர அவங்க எழுதல. ஏன்னா அந்தக் கையெழுத்த மறுபடி வாங்க முடியாது."

பார்வதி மீதி இரண்டு பக்கங்களையும் துண்டுச் சீட்டையும் வைத்துக்கொண்டு, தெருவை மனத்தால் நடந்து பார்த்தாள். கையெழுத்துப் போடாத பத்தொன்பது வீடுகளை ஒவ்வொன்றாகக் கழித்தாள். பாதி வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடப்பவை, பாதி வினோத்குமாரின் சொந்தக்காரர்கள். கடைசியில் ஒரே ஒரு வீடுதான் மிஞ்சியது. "பதினேழு. மதலேன் அம்மா. ஆகஸ்டு பதினஞ்சு, மாதா திருநாளு அன்னிக்குப் போட்டாங்க. அந்தப் பக்கத்துல கடைசியா போட்டது அவங்கதான். முசியே அப்ப வீட்ல இல்ல, குண்டு வெளையாடப் போயிருந்தாரு."

ஜெராக்ஸ் இயந்திரம் மட்டும் சும்மா உறுமிக்கொண்டிருந்தது.

"சரி, அவர்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் பார்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்குள்ள பதினாலு வீட்டையும் சுத்திடறேன்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்தது. ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்திருந்த பிரான்சுக் குடும்பங்கள் மாதக் கடைசியிலேயே பாரீசுக்குப் பறந்துவிட்டன. அந்தப் பதினான்கில் ஐந்து வீடுகள் இப்போது பூட்டு. கையில் இருப்பது முப்பது, ஊரில் இருப்பவர்கள் ஒன்பது, முசியே புதிதாகப் போட்டால் ஒன்று. நாற்பதுதான். மூன்று குறைகிறது.

ஹரி எழுந்து நின்றான். "எல்லாரையும் திடலுக்கு வரச் சொல்லிடட்டுமா அக்கா? வினோத்குமார், பிரேம்குமார், முசியே. நடுவுல நீங்க நின்னு, ஒவ்வொருத்தரா…"

"திருடனப் புடிக்கத்தான் சபை கூட்டணும். இங்க திருடன் எங்க இருக்கான்? ஆட்டோவ எடு. நாம ரெண்டு பேரு மட்டும் போவோம்."

பதினேழாம் எண் வீட்டில் ஜூல் தானே கதவைத் திறந்தார். அவர்களைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே கூட்டிப் போய், மதலேனின் படத்துக்குக் கீழே இருந்த மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தார். பக்கம் மடிப்புக்கூட விழாமல் இருந்தது.

"நீ வருவேன்னு தெரியும் பாக்கியம். பார்வதி எல்லா வீட்டுலயும் வாங்கிட்டாளா? அவளுக்குக் கஷ்டம் குடுத்துட்டேன்."

"கையெழுத்துக்காகத்தான் எடுத்தீங்களா முசியே?"

"கையெழுத்து மட்டும்னா விட்டிருப்பேன். பாஸ்போர்ட்ல, பேங்குல, நூறு எடத்துல அவ கையெழுத்து இருக்கு." அவர் காகிதத்தைத் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தார். "பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. எல்லாரும் காத்தோட்டம், வெளையாட்டு எடம்னு எழுதியிருக்காங்க. நேத்து என் கைக்கு வந்தப்பதான் இதப் படிச்சேன்."

ஹரி குனிந்து படித்தான். எழுத்துக்கள் நடுங்கியிருந்தன, பேனா அழுத்திய இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. 'என் வீட்டுக்காரருக்கு இனிமேல் வீட்டில் பேச்சுத் துணை இருக்காது. சாயங்காலம் போய் உட்கார அவருக்கு இந்தத் திடல் வேண்டும்.'

"பதினஞ்சாந் தேதி எழுதியிருக்கா," என்றார் ஜூல். "போனது இருபத்தொம்போது. எனக்கு எதுவும் தெரியாது. வெறும் அசதின்னு சொல்லிட்டு இருந்தா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டு, என்கிட்ட சொல்லாம, மேரிக்கு எழுதியிருக்கா." நகராட்சியை அவர் இன்னமும் பழைய பிரெஞ்சுப் பழக்கத்தில் மேரி என்றுதான் சொல்வார். "இத அங்க ஏதோ ஒரு ஃபைல்ல போட்டு, கரையான் அரிக்க விடச் சொல்றியா? முடியல பாக்கியம். திருடிட்டேன்."

பாக்கியலட்சுமி காகிதத்தைக் கேட்கவில்லை. பூட்டிய ஐந்து வீடுகளைப் பற்றி மட்டும், குறை சொல்லும் தொனி துளியும் இல்லாமல், இருப்பதை இருந்தபடி சொன்னாள். நாற்பதுக்கு மேல் வராது என்றாள்.

ஜூல் நிமிர்ந்தார். "எப்பப் போனாங்க? எல்லாருமா?"

"மாசக் கடைசியிலயே முசியே. நேத்து வரைக்கும் நீங்க வெளிய வரலியே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

துக்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர் தெருவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை என்பது ஹரிக்கு அப்போதுதான் புரிந்தது. எதிர் வரிசையில் பூட்டுத் தொங்குவதைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை. மனிதர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று ஹரிக்குத் துடித்தது. கடைசியில் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் முன்னால் வைத்தான்.

"கடையில கலர் ஜெராக்ஸ் எடுத்துத் தரேன்," என்றாள் பாக்கியலட்சுமி.

"இந்தப் பள்ளம் அதுல வராதே," என்றார் ஜூல், விரலால் அந்த வரியைத் தடவியபடி. பிறகு சிரித்த மாதிரி ஒரு சத்தம் போட்டார். "நாப்பத்திரண்டு வருஷம் குடித்தனம். ஒரு புடவ கேட்டதில்ல. கடைசியா ஒண்ணு கேட்டிருக்கா, அதுவும் எனக்காக. அது கெடைக்காமப் பண்ண நானே குறுக்க நிக்கறேன் பாரு. எடுத்துட்டுப் போ பாக்கியம். இல்ல, வேணாம். நானே கொண்டாரேன்."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நகராட்சிக் கூட்ட அறையில் உட்கார இடமில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டையில் ஜூல் வந்தார். வாசலிலேயே பார்வதியிடம் பக்கத்தைக் கொடுத்து, தெருக்காரர்கள் காதில் விழும்படியே மன்னிப்புக் கேட்டார். பார்வதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வினோத்குமார் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

அதிகாரி நிர்மலாதேவி கண்டிப்பானவர். கதவு எண், பெயர், காரணம் என்று ஒவ்வொரு வரியாக வாசித்தார். வந்திருப்பவர்கள் கை தூக்க வேண்டும்; வராதவர்கள் கையெழுத்தும் கணக்கில் சேரும். முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும் முடிந்தன. தனியாக வந்த இரண்டாம் பக்கத்தைக் கடைசியாக எடுத்தார். முப்பத்தெட்டாம் எண் வந்தபோது அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிரேம்குமார் வேர்த்துக் கொட்டியபடி கையைத் தூக்கினார், முழுசாகத் தூக்கினார். அந்தப் பக்கத்தின் பதின்மூன்றாம் வரியில் நிர்மலாதேவி பேனாவை மூடினார்.

"நாப்பத்து மூணு ஆயிடுச்சு. இது போதும். திட்டம் திரும்ப அனுப்பப்படும்."

கைதட்டல் எழுந்தது. பார்வதி அழுதாள், ஹரி விசிலடித்து பாக்கியலட்சுமியிடம் ஒரு கிள்ளு வாங்கினான். அந்த இரைச்சலுக்குள் ஜூல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்தவர் உட்காராததைப் பார்த்துக் கூட்டம் தானாக அடங்கியது.

"மதாம், அதுல இன்னும் ரெண்டு வரி இருக்கு. கடைசி வரியையும் படிச்சுடுங்க."

அதிகாரி காகிதத்தை மறுபடி எடுத்தார். நாற்பத்து நான்காவதை வாசித்தார். அடுத்த வரியில் அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. பதினேழாம் எண், மதலேன் என்று வாசித்தார். காரணத்தையும் ஒரு சொல் விடாமல் வாசித்தார். பிறகு வழக்கப்படி அறையைப் பார்த்துக் கேட்டார்.

"இவங்க வந்திருக்காங்களா?"

"அவங்க வரல மதாம்," என்று ஜூல் கையைத் தூக்கினார். "அவங்க எழுதுன காரணம் நான்தான். நான் வந்திருக்கேன்."